காரின் பின் ஸ்பீக்கர் சத்தம் குறைந்தால் எங்கிருந்து பார்ப்பது?

ஓசூர் ரோட்டில் ஊருக்குக் கிளம்பும்போதுதான் பெரும்பாலும் இது தெரியவரும். முன்சீட்டில் பாட்டு நன்றாகவே கேட்கும். பின்னால் இருக்கும் அம்மாவோ மாமியாரோ, "கொஞ்சம் சத்தமா வைப்பா, இங்க ஒண்ணுமே கேக்கல" என்பார்கள். கூட்டினால் முன்னால் இருப்பவருக்குக் காது வலிக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பெங்களூரில் கார் சாமான் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனால், "பின் ஸ்பீக்கர் போயிடுச்சுண்ணா, புதுசு போட்டுடலாம்" என்ற பதில் பல கடைகளில் தயாராக இருக்கும்.

பெங்களூரில் நான் பார்த்துக் கொடுக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு செட்டிங்கிலோ, கனெக்டரிலோ, கதவுக்குள் போகும் வயரிலோ இருக்கும். புது ஸ்பீக்கர் வாங்கிப் போட்டாலும் அதே வயரில்தான் மாட்டப்போகிறோம். அதே முனகல்தான் வரும். அதனால் கோளாறு ஸ்பீக்கரிலா, வயரிலா, டாஷ்போர்டில் உள்ள மியூசிக் செட்டிலா என்று பிரித்துத் தெரிந்துகொள்ளும் வரை பணம் செலவழிக்காதீர்கள். அதற்கான வழி கீழே.

## எதையும் கழற்றும் முன்: பின்சீட்டில் உட்காருங்கள்

ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டு பின் ஸ்பீக்கரை எடைபோட முடியாது. வண்டியை அமைதியான இடத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஏ.சி. ஃபேனை அணைத்துவிட்டுப் பின்சீட்டின் நடுவில் உட்காருங்கள். முன்னால் ஒருவர் இருந்து செட்டை இயக்கட்டும். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றை நடுத்தர சத்தத்தில் வைத்து, ஃபேடரை முழுக்கப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். ஃபேடர் முன்–பின் சத்தத்தைப் பங்கிடுவது. பேலன்ஸ் இடம்–வலத்தைப் பங்கிடுவது. பின் ஸ்பீக்கர்கள் மட்டும் பாடும்போது பேலன்ஸை ஒருமுறை முழுக்க இடது பக்கம், ஒருமுறை முழுக்க வலது பக்கம் மாற்றுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரின் நிலைமையும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

இரண்டும் தெளிவாகப் பாடுகின்றன, ஆனால் சத்தம் குறைவு என்றால் அறிகுறி 1. ஒரு பக்கம் மட்டும் குறைவு அல்லது ஊமை என்றால் 2. விட்டுவிட்டு வந்தால் 3. சத்தம் இருக்கிறது, பேஸ் (அடிச்சத்தம்) இல்லை என்றால் 4. கூட்டினால் கரகரப்பு வந்தால் 5. இரண்டுமே ஊமை என்றால் 6. தனியாக ஆம்ப்ளிஃபயர் போட்ட வண்டி என்றால் 7-ஐயும் சேர்த்துப் படியுங்கள்.

போன் பேசும்போதும் வழிகாட்டும் குரல் வரும்போதும் பின்னால் கேட்கவில்லை என்று சிலர் வருவார்கள். பல செட்களில் அந்தக் குரல்கள் முன் ஸ்பீக்கரில் மட்டும் வரும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அது கோளாறு இல்லை.

## கையில் வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், டோர் பேடை (கதவின் உள்பக்க மூடி) நெம்ப ஒரு பிளாஸ்டிக் பட்டை, இன்சுலேஷன் டேப், சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் செல் ஒன்று. மீட்டர் எலெக்ட்ரானிக் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த வேலைக்கு விலை உயர்ந்தது தேவையில்லை. இவற்றோடு, வேலை செய்யும் பழைய ஸ்பீக்கர் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய டி.வி.யிலிருந்து கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தாலும் போதும். இரண்டு முழம் வயரை அதில் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி அதைச் சோதனை ஸ்பீக்கர் என்றே சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பல வண்டிகளில் கூரை ஓரமாகவும் சீட்டின் பக்கவாட்டிலும் ஏர்பேக் இருக்கிறது. பின் தூணின் மேல் மூடியை நெம்பாதீர்கள். மஞ்சள் நிறக் கனெக்டர் எதைப் பார்த்தாலும் கையை எடுத்துவிடுங்கள். ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிளுக்கும் அதே விதிதான்.

## அறிகுறி 1: இரண்டும் பாடுகின்றன, ஆனால் சத்தம் குறைவு

செட்டிங். ஃபேடரை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைகள் திரையில் விளையாடியும், பேட்டரி மாற்றும்போது செட் ரீசெட் ஆகியும் இது நகர்ந்திருக்கும். அடுத்து, கேட்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் "டிரைவர்" என்று இருந்தால், ஓட்டுபவருக்கு ஏற்றபடி செட்டே பின் ஸ்பீக்கரைத் தாழ்த்தி வைத்திருக்கலாம். "ஆல்" என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, கிராஸ்ஓவர், அதாவது அடிச்சத்தத்தையும் மேல்சத்தத்தையும் பிரிக்கும் அமைப்பு. பின் சேனலுக்கு ஹை பாஸ் ஃபில்டர் (அடிச்சத்தத்தை வெட்டுவது) 120 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் வைத்திருந்தால் பாட்டின் உடம்பே போய்விடும். காதுக்குச் சத்தம் குறைந்த மாதிரியே இருக்கும். ஃபில்டரை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். நான்காவதாக ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. சில வெளிச்சந்தை செட்களில் பின் அவுட்புட்டை சப்வூஃபருக்கு (அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) என்று மாற்றும் வசதி இருக்கும். அது தவறிப்போய் மாறியிருந்தால் பின் ஸ்பீக்கரில் பாடகர் குரல் வராது, அடியில் உறுமல் மட்டும் வரும். மெனுவில் பின் ஸ்பீக்கரை "ஃபுல்" அல்லது "ரியர்" என்று மாற்றினால் சரியாகிவிடும்.

தடுப்பு. பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையான பார்சல் ட்ரேயில் ஸ்பீக்கர் இருக்கும் செடான் வண்டிகளில் டவல், குடை, டிஷ்யூ பெட்டி, பொம்மை எல்லாம் கிரில் மேல்தான் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேளுங்கள். டிக்கியைத் திறந்து ட்ரேயின் அடிப்புறத்தையும் பாருங்கள். உயரமான பெட்டி மேக்னட்டை இடித்துக்கொண்டோ, டெர்மினலைத் தள்ளிக்கொண்டோ இருக்கலாம். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் வைத்த வண்டியானால், அதைப் பொருத்தியபோது ஸ்பீக்கர் வயரை நசுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

வயரைப் பிரித்துக் கொடுத்திருப்பது. குறைந்த விலை மாடலில் பின் ஸ்பீக்கர் இருக்காது. கிரில் மட்டும் இருக்கும். பிறகு கடையில் ஸ்பீக்கர் போடும்போது, செட்டிலிருந்து தனி வயர் இழுக்காமல் முன் ஸ்பீக்கர் வயரிலேயே ஒரு ஜாயிண்ட் போட்டு விடுவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஃபேடரே போதும். முழுக்கப் பின்னால் தள்ளினால் எல்லாமே நின்றுவிடும். முழுக்க முன்னால் தள்ளினாலும் பின்னால் பாட்டு கேட்கும். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை இப்படி இணையாகப் போட்டால் செட்டுக்குத் தெரிவது 2 ஓம். பெரும்பாலான செட்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடாகும், நாளடைவில் உள்ளிருந்து ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஐ.சி. (சிப்) போகும். செட்டின் பின் சேனலிலிருந்து தனி வயர் இழுப்பதுதான் தீர்வு. கார்ப்பெட்டுக்கு அடியில் இழுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்; அரை நாள் வேலைதான்.

பவர் போதாமை. இதுவரை எதிலும் அகப்படவில்லை, ஸ்பீக்கரோ 6x9 அங்குல ஓவல் என்றால், செட்டின் சக்தியே அவ்வளவுதான் என்று ஆகலாம். அட்டையில் 50 வாட் x 4 என்று போட்டிருப்பது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது ஒரு சேனலுக்கு சுமார் 15 முதல் 22 வாட் ஆர்.எம்.எஸ். பெரிய ஸ்பீக்கர் வாங்குவதால் இது அதிகமாகாது. ஒரு வாட்டுக்கு எத்தனை டெசிபல் தருகிறது என்ற சென்சிடிவிட்டி அளவு அதிகமாக உள்ள ஸ்பீக்கர், அல்லது ஒரு சிறிய 4 சேனல் ஆம்ப் போடுவதுதான் வழி. செலவு பிடிக்கும் வழி என்பதால் கடைசியில் வைத்தேன்.

கம்பெனியே உயர்தர ஆடியோ என்று போட்டு விற்ற வண்டிகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அவற்றில் சிலவற்றின் ஸ்பீக்கர்கள் 2 ஓம் அல்லது அதற்கும் குறைவு. பழுதான ஒன்றை எடுத்துவிட்டுக் கடையில் கிடைக்கும் சாதாரண 4 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால், அது எவ்வளவு நல்ல ஸ்பீக்கராக இருந்தாலும் சத்தம் குறைவாகத்தான் வரும். பழையதன் மேக்னட்டின் பின்னால் ஓம் அளவு அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## அறிகுறி 2: ஒரு பக்கம் மட்டும் குறைவு, அல்லது ஊமை

அதிகமாக வருவது இதுதான். தேவையில்லாமல் அதிகமாக ஸ்பீக்கர் மாற்றப்படுவதும் இதில்தான்.

மாற்றிப் போட்டுப் பாருங்கள். பார்சல் ட்ரே வண்டியில் இது மிகச் சுலபம். டிக்கிக்குள் இரண்டு ஸ்பீக்கரின் கனெக்டர்களையும் கழற்றுங்கள். இடது வயரை வலது ஸ்பீக்கரிலும், வலது வயரை இடது ஸ்பீக்கரிலும் தற்காலிகமாக மாட்டுங்கள். வயர் எட்டாவிட்டால் துண்டு வயர் வைத்து நீட்டிக்கொள்ளுங்கள். குறை ஸ்பீக்கரோடு அதே இடத்தில் நின்றால் ஸ்பீக்கர்தான் பழுது. குறை அடுத்த பக்கத்துக்குத் தாவினால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, வயரையோ செட்டையோ பார்க்க வேண்டும்.

கதவில் ஸ்பீக்கர் இருந்தால், டோர் பேடைக் கழற்றிக் குறையுள்ள பக்கத்துக் கனெக்டரில் சோதனை ஸ்பீக்கரை மாட்டுங்கள். பவர் விண்டோ ஸ்விட்ச், கைப்பிடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூ, கீழ் ஓர கிளிப்புகள் என்று எதை முதலில் கழற்ற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலுக்கான வீடியோவை ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கிளிப் ஒன்றிரண்டு உடையத்தான் செய்யும், ஜே.சி. ரோட்டில் கிளிப் தனியாகவே கிடைக்கும்.

*சோதனை ஸ்பீக்கரும் முனகினால், அல்லது ஊமையாக இருந்தால்: வயர்.* முதல் சந்தேகம், கதவும் தூணும் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் உறைக்குள் போகும் வயர்கள். கதவைத் திறக்கும்போதும் மூடும்போதும் அந்த வயர்தான் மடிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வண்டியிலும் டாக்ஸியிலும் பின் கதவு முன் கதவைவிட அதிகம் உழைக்கும். உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் இரண்டு மூன்று இழை மட்டும் மிஞ்சும். குழாயை மடித்துப் பிடித்தால் தண்ணீர் சன்னமாக வருவதைப் போல, பாட்டு வரும், ஆனால் மெலிந்து வரும். மேலே பிளாஸ்டிக் உறை முழுசாகவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ரப்பரைத் தூணிலிருந்து விடுவித்து, ஒவ்வொரு வயராக விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த வயர் ரப்பர் மாதிரி நீளும்.

இரண்டாவது, ஜாயிண்ட். செட் மாற்றியபோது வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருந்தால் சந்தேகப்படுங்கள். வெயிலில் டேப்பின் பசை உருகி வழுக்கும், ஈரம் இறங்கும், செம்பு பச்சைக் களிம்பு பூக்கும். மூன்றாவது, எலி. மரத்தடியிலும் பேஸ்மென்டிலும் நிற்கும் வண்டிகளில், பின்சீட்டுக்கு அடியில் முறுக்குத் துணுக்குகள் கிடந்தால் எலி அங்கேதான் வரும், வந்த இடத்தில் வயரையும் கடிக்கும்.

மீட்டரால் உறுதி செய்வது. செட்டை அணைத்து, அதன் பின்னால் உள்ள கப்ளரை (வயர்கள் எல்லாம் சேரும் பெரிய கனெக்டர்) கழற்றிவிட்டு, கப்ளரில் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் இரண்டு டெர்மினலுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அதில் காட்டும் அளவை முதலில் கழித்துக்கொள்ளுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரும் நல்ல வயரும் என்றால் 3.3 முதல் 4.2-க்குள் வரும். 8, 10, 20 என்று வந்தாலும், கதவை ஆட்டும்போது அளவு துள்ளினாலும், வழியில் கெட்ட ஜாயிண்ட் இருக்கிறது. ஜாயிண்டில் வெறும் 4 ஓம் கூடினாலே ஸ்பீக்கருக்குப் போகும் வோல்ட்டேஜ் பாதியாகிவிடும். சக்தி கால் பங்காகிவிடும். ஸ்பீக்கர் பழுது என்று நம்பவைக்க அது போதும். "ஓ.எல்." என்று வந்தால் எங்கேயோ முழுக்க அறுந்திருக்கிறது.

எந்த வயர் என்று பிரிக்க இன்னொரு சோதனை. கப்ளரைத் திரும்ப மாட்டிச் செட்டைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துக் கருப்பு முனையை வண்டி பாடியிலும், சிவப்பு முனையை ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றிலும் வையுங்கள். பெரும்பாலான செட்களில் இரண்டு வயரிலும் பேட்டரி வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 6 வோல்ட் காட்டும். ஒன்றில் மட்டும் காட்டவில்லை என்றால் அறுந்தது அதுதான். ஸ்பீக்கரை மாட்டியபடி அளக்காதீர்கள். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) வழியாகவே மறு வயரிலும் 6 வோல்ட் தெரிந்து ஏமாற்றும். ஸ்பீக்கர் வயர் இரண்டிலுமே வோல்ட் இருப்பதால், மைனஸ் வயர்தானே என்று ஒன்றை வண்டி பாடியோடு சேர்ப்பது செட்டையே கொன்றுவிடும். அதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

*சோதனை ஸ்பீக்கர் நன்றாகப் பாடினால்: ஸ்பீக்கரேதான்.* கழற்றிய ஸ்பீக்கரின் டெர்மினல்களில் ஓம் அளவெடுங்கள். ஓ.எல். என்றால் காயில் போய்விட்டது. அளவு சரியாக இருந்தால், கோனை (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் இடம் நகர்ந்திருக்கிறது அல்லது துரு இறங்கியிருக்கிறது. ட்ரேயில் இருக்கும் ஸ்பீக்கர்களில் பின் கண்ணாடி வழியாக வரும் வெயில் கோனைச் சுற்றியுள்ள ஃபோமை உதிர்த்துவிடும்; கண்ணாலேயே தெரியும். மலிவான ஸ்பீக்கருக்குக் காயில் மாற்றுவது கட்டுப்படியாகாது. நல்ல பழைய 6x9-ஆக இருந்தால் ரீகோன் (கோனும் காயிலும் புதிதாக மாற்றுவது) செய்யும் கடையில் விசாரிக்கலாம். புதிதாக வாங்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாடலாகப் போடுங்கள்.

## அறிகுறி 3: விட்டுவிட்டு வருகிறது

பள்ளத்தில் இறங்கும்போது நின்று, ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது திரும்ப வந்தால், லூஸ் காண்டாக்ட்தான். எங்கே என்பதை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, பின் ஸ்பீக்கர் மட்டும் பாடும்படி வைத்து, கதவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். சத்தம் மாறினால் ரப்பர் உறைக்குள் இருக்கும் வயர். டோர் பேடைக் கையால் தட்டும்போது மாறினால் ஸ்பீக்கர் கனெக்டர். செட்டை லேசாக அழுத்தும்போது மாறினால் பின்னால் உள்ள கப்ளர்.

ஹேட்ச்பேக்கில் வெளியில் வாங்கிப் போட்ட பார்சல் ட்ரே இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சாமான் ஏற்ற ட்ரேயைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னக் கனெக்டர் இளகும். பெண் முனையை (துளையுள்ள பக்கம்) நோஸ் பிளேயரால் மிக லேசாக நெருக்கி மாட்டினால் பிடிப்பு திரும்பிவிடும். காண்டாக்ட் கிளீனர் ஒரு தெளிப்பு தெளித்துக் காயவிட்டு மாட்டுவது நல்லது.

ரப்பருக்குள் அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் சில மாதங்களில் மறுபடி வந்து நிற்பீர்கள். மடியும் இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் புது வயர்த் துண்டு வைத்து, சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட வேண்டும். ஜாயிண்டுகள் தூணுக்குள்ளும் கதவுக்குள்ளும் இருக்கட்டும்; மடியும் இடத்தில் ஜாயிண்ட் வரவே கூடாது.

## அறிகுறி 4: சத்தம் இருக்கிறது, பேஸ் இல்லை

ஸ்பீக்கரோ செட்டோ மாற்றிய பிறகு இது ஆரம்பித்திருந்தால், ஒரு பக்கம் பிளஸ்–மைனஸ் தலைகீழாக மாட்டியிருப்பார்கள். ஒரு கோன் வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செய்தி வாசிப்பு மாதிரி தனிக்குரல் ஒன்றை வைத்து, ஃபேடரைப் பின்னால் தள்ளி, பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து கேளுங்கள். குரல் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வந்தால் சரி. எங்கிருந்து வருகிறது என்றே புரியாமல் பரவலாக இருந்தால், ஒரு ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் மாற்றி மாட்டுங்கள். பேஸ் உடனே திரும்புவதைக் காதே சொல்லும்.

டெர்மினலில் குறியீடு அழிந்திருந்தால், வயர்களைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால், செல்லின் பிளஸ் தொட்டதுதான் ஸ்பீக்கரின் பிளஸ். வெளிச்சந்தை செட்களின் கப்ளரில் பின் இடது பச்சை, பின் வலது ஊதா; முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல். அதே நிறத்தில் கருப்புக் கோடு இருப்பது மைனஸ். வண்டிக் கம்பெனியின் சொந்த வயர் நிறங்கள் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. அதை நம்பி இணைக்காதீர்கள்.

பிளஸ்–மைனஸ் சரியாக இருந்தும் பேஸ் இல்லை என்றால், ஸ்பீக்கரைச் சுற்றி இடைவெளி இருக்கிறது. ஸ்பேசர் இல்லாமல் இரண்டு ஸ்க்ரூவில் தொங்கும் ஸ்பீக்கர்களை நிறையப் பார்க்கிறேன். ஃபோம் டேப் வைத்து நான்கு ஸ்க்ரூவும் இறுக்குங்கள். கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்து எறிந்துவிட்டு ஸ்பீக்கர் மாட்டுவது இன்னும் மோசம். பேஸ் கசிவது ஒரு பக்கம். அந்த ஷீட் மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பதற்காக இருப்பது. பெங்களூரின் மே மாத இடிமழை ஒன்று போதும், டோர் பேடும் கீழே கார்ப்பெட்டும் நனைந்துவிடும். கிழிந்திருந்தால் கனமான பாலித்தீன் ஷீட்டும் பியூட்டைல் டேப்பும் வாங்கி மூடிவிடுங்கள்.

## அறிகுறி 5: கூட்டினால் கரகரக்கிறது, அல்லது நின்றுவிடுகிறது

பேஸ் பூஸ்டை அணைத்து, ஈக்வலைசரை நேர்கோட்டில் வைத்துக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் செட் தன் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். போகவில்லை, ஒரு பக்கம் மட்டும்தான் என்றால் காயில் உரசல். அறிகுறி 2-இல் சொன்ன கோன் சோதனை. சில நிமிடம் பாடிவிட்டு நின்று, ஆறிய பிறகு மறுபடி பாடினால் செட்டின் ஐ.சி. சூடாகிப் பாதுகாப்புக்குப் போகிறது. மலிவான ஆண்ட்ராய்டு செட்களில் ஹீட் சிங்க் சின்னது. பின்னால் வயர்க் குவியலைத் திணித்துக் காற்றுப் போக வழியில்லாமல் செய்திருப்பார்கள். வயர்களைக் கட்டி ஒதுக்குங்கள். அப்படியும் தொடர்ந்தால் 2 ஓம் ஜாயிண்ட் இருக்கிறதா என்று அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 6: பின்னால் இரண்டுமே ஊமை

இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நாளில் சாவது அபூர்வம். ஃபேடர், அடுத்து கப்ளர், அப்புறம் செட் என்ற வரிசையில் பாருங்கள். பின் ஸ்பீக்கர் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் கிரிலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், முக்கியமாகப் பழைய வண்டி வாங்கியவர்கள்.

கப்ளரின் பின் சேனல் வயர்களைப் பிரித்து, செட்டிலிருந்து வரும் முனையில் சோதனை ஸ்பீக்கரை மாட்டுங்கள். பாடினால் செட் நன்றாக இருக்கிறது, வயரைத் தேடுங்கள். பாடவில்லை, 6 வோல்ட்டும் இல்லை, முன் சேனலில் மட்டும் இருக்கிறது என்றால் ஐ.சி.யின் பின் பாதி போயிருக்கிறது. ஐ.சி. மாற்றுவது செட் ரிப்பேர் கடையின் வேலை. மாற்றும் முன் பின் வயர்களில் எங்கும் பாடியோடு ஷார்ட் இல்லை என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது ஐ.சி.யும் அதே வழியில் போகும்.

## அறிகுறி 7: ஆம்ப் இருக்கும் வண்டி

ஆம்ப்பில் பின் சேனலின் ஃபில்டர் ஸ்விட்ச் எல்.பி.எஃப்.-இல் (அடிச்சத்தத்தை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர்) இருக்கிறதா, கெயின் (ஆம்ப்பின் சத்த அளவைக் கூட்டும் திருகு) அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செட்டிலிருந்து வரும் முன், பின் ஆர்.சி.ஏ. கேபிள்களை (பாட்டு சிக்னலைக் கொண்டுவருபவை) ஆம்ப்பில் இடம் மாற்றுங்கள். குறை முன்னால் போனால் கேபிள் அல்லது செட். பின்னாலேயே நின்றால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர் வயர்.

எல்லாச் சேனலும் மந்தமாக இருந்தால் மின்சாரத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். பாட்டு சத்தமாக ஓடும்போது ஆம்ப் டெர்மினலில் அதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள். கெயினை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். குறை மறையும், ஸ்பீக்கர் எரியும்.

## எந்த இடத்தில் நிறுத்திக் கடைக்குப் போவது

ஆம்ப்பின் மெயின் ஃப்யூஸ் மாற்றியும் உடனே போனால் இன்னொரு ஃப்யூஸ் போடாதீர்கள், பெரிய அளவு ஃப்யூஸ் போடவே போடாதீர்கள். எரிந்த வாடை, செட் அணைந்த பிறகும் சூடு, ஏர்பேக் விளக்கு எரிவது, வெள்ளத்தில் நின்ற வண்டி, ஹைபிரிட் அல்லது மின்சார வண்டியில் கார்ப்பெட்டுக்கு அடியில் வேலை, கம்பெனி ஆம்ப் உள்ள வண்டி: இவற்றில் எது இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். வாரண்டி ஓடும் வண்டியானால் வயரை வெட்டும் முன் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். வெட்டிய வயரைக் காரணம் காட்டி எலெக்ட்ரிக்கல் வாரண்டியை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

கடையில் "பின் ஸ்பீக்கர் சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "அண்ணா, பின்னால் இடது பக்கம் மட்டும் குறைவு. சோதனை ஸ்பீக்கர் மாட்டினாலும் குறைவு. கப்ளரில் 12 ஓம் காட்டுது. கதவு வயரைப் பாருங்க" என்று சொல்லுங்கள். பேச்சு அப்போது ஸ்பீக்கர் விலையில் ஆரம்பிக்காது. வயரை வெட்டாமல் உங்கள் மாடலுக்கான கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும் முன் டோர் பேட் மூடிய பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து ஃபேடரைப் பின்னால் தள்ளி, பேலன்ஸை இரண்டு பக்கமும் மாற்றி, கதவை நாலைந்து முறை திறந்து மூடிக் கேட்டுவிடுங்கள். பவர் விண்டோவும் சைல்ட் லாக்கும் வேலை செய்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.